பவளம் கொண்டுவந்த ஒன்பது கல்

ஆரம்ப வகுப்புகளுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் ஒருத்தி போன வாரம் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாமா, கூடாதா?"

கொடுக்கலாம். பணியில் இருந்த காலம் முழுக்க நான் கொடுத்தேன். ஆனால் அதில் ஒரு பாடம் என்னைக் குப்புறத் தள்ளிவிட்டது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கும், தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னதொரைக்கும், கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் சிமெந்துத் தரையில் கட்டிய சேலையோடு விழுந்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நமுனுகுல மலைப்பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துவிட்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடம் மட்டும் இன்னும் தோட்டத்து ஆபீசின் கையில்தான் இருந்தது. ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியை. நான் பதுளை டவுனில் வளர்ந்தவள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடு என்றால் ஒரே அறையாக ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அவ்வளவுதான் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, உள்ளே கால் வைத்துப் பார்த்ததில்லை.

வந்த முதல் வாரமே முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பத்து வரி அழகாக எழுதி வர வேண்டும். மறுநாள் வந்த கொப்பிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றில் மண்ணெண்ணெய் வாடை. ஒன்றில் ஆறாவது வரிக்குக் கீழே ஆட்டின் பல் அடையாளம். ஒரு பையனின் கொப்பியில் முத்துமுத்தான எழுத்து. "யாருடா எழுதுனது?" என்றால், "நான் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுச்சு டீச்சர்" என்று பெருமையோடு சொன்னான். பாதிப் பேர் கொப்பியே கொண்டுவரவில்லை. அவர்களை வரிசையாக நிற்க வைத்தேன்.

அன்று மத்தியானம், கொழுந்து நிறுத்துவிட்டுப் போகிற வழியில், கூடையை முதுகிலிருந்து இறக்காமலே ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் மாரியாயி. முதலாம் வகுப்பில் இருந்த பவளத்தின் அம்மா.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"எங்க வீட்டுல விளக்கு ஒண்ணு. அத அடுப்புக்கிட்ட வச்சா புள்ளைக்கு வெளிச்சம் இல்ல. புள்ளைக்கிட்ட வச்சா சோத்துல கல்லு. எதுக்கு வைக்கட்டும்?"

அவளே தொடர்ந்தாள். "கொப்பி வேற கடையில இல்லங்கிறாங்க. திங்கிற பாணுக்கே வரிசைல நிக்கிற காலம். எழுதாத வீட்டுப்பாடம் ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. எங்க புள்ளைங்க மக்கு இல்லீங்க."

சொல்லிவிட்டுக் கூடையைக் குலுக்கித் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். எழுதாத வீட்டுப்பாடம்! ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்த எதிலும் அந்த வார்த்தை இல்லை.

அன்றைக்கே ஆரம்பித்தேன். பழைய துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்துப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். எண்ணுவதற்குக் கல். எழுத்து இல்லை, கொப்பி இல்லை, விளக்கும் வேண்டாம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வீட்டிலிருந்து எத்தனை அடி? பத்து அடிக்கு ஒரு கல் போட்டுக்கொண்டு வா. வீட்டில் அம்மாவின் கூடையை விட உயரமானது எது? பார்த்து வந்து சொல். பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் "வட்டமான சாமான் ஒன்று கொண்டுவாங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மண்டபம் முழுக்கச் சட்டி மூடி. லயத்தில் அத்தனை அடுப்பும் மூடியில்லாமல் தவித்திருக்கிறது. ஒருத்தன் மட்டும் பாதி ரொட்டியை நீட்டினான். "இது எங்கடா வட்டம்?" என்றேன். "வீட்ட விட்டு வர்றப்போ வட்டமாத்தான் டீச்சர் இருந்துச்சு" என்றான். அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். "கூடவும் கூடாது, குறையவும் கூடாது. யார் வந்து கேட்டாலும் எண்ணுனதைத்தான் சொல்லணும்" என்று தினமும் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளும் அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டார்கள். பவளம் எல்லோரையும் விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயது; முன்பல் இரண்டும் இல்லை; எண்ணி முடித்ததும் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த பாடம் இது: "ராத்திரி உங்க வீட்டில் படுக்கிற ஆளுக்கு ஒரு கல். ஆடு, கோழி, பூனைக்கு வேண்டாம். ஆளுக்கு மட்டும்."

கூட்டலுக்கு நல்ல பாடம் என்று நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகள் கல்லைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். சின்னதொரை. அவர் சிங்களவர், தோட்டத்துக்கு வந்து ஆறு மாதம்தான். ஆனால் தமிழை என் பிள்ளைகளை விட வேகமாகப் படித்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே கணக்கப்பிள்ளை. எந்த லயத்தில் எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எத்தனை பிள்ளை என்று மனப்பாடமாக வைத்திருக்கிற மனிதர். கூரை ஒழுகுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். சின்னதொரை கூரையைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தார்.

"இது என்ன பாடம் டீச்சர்?"

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விளக்கமாகச் சொன்னேன். அவர் முன்வரிசையில் இருந்த பவளத்தின் முன்னால் குந்தினார்.

"உங்க வீட்டுல எத்தன ஆள்?"

பவளம் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, மண்டபம் அதிரச் சொன்னாள்: "ஒம்போது!"

கணக்கப்பிள்ளையின் புருவம் ஏறியது. "ஒம்போதா? மாரியாயி வீட்டுல ஏழு தானே?"

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. அந்த நாட்களில் எத்தனையோ தோட்டங்களில் வேலை நின்று போயிருந்தது. அங்கிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர்களைச் சொந்தக்காரர்கள் இருட்டில் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஆபீசில் பெயர் பதியாத ஆளை வீட்டில் வைத்திருப்பது தோட்டத்துச் சட்டப்படி பெரிய குற்றம். பிடிபட்டால் வந்தவர்கள் மட்டுமில்லை, இடம் கொடுத்தவர்களும் காம்பராவைக் காலி செய்ய வேண்டியதுதான். ஒரு குடும்பத்தின் வீட்டை நான் கல் எண்ணி ஆபீசுக்குக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்டையும் சேர்த்து எண்ணியிருப்பா" என்று சிரித்தேன்.

"இல்ல டீச்சர்!" பவளத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆட்டுக்கு நான் கல்லு போடல. நீங்கதானே ஆளுக்கு மட்டும்னு சொன்னீங்க."

"அப்ப ஒருத்தர ரெண்டு தடவ எண்ணியிருப்ப."

"இல்லவே இல்ல. பாருங்க." அவள் உட்கார்ந்து கல்லைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். "இது அப்பா. இது அம்மா. இது தாத்தா. இது பெரியண்ணன், இது சின்னண்ணன். இது அக்கா. இது நான்."

ஏழு. எட்டாவது கல்லின் மேல் அவள் விரல் நின்றது. கணக்கப்பிள்ளை குனிந்தார்.

யோசிப்பதற்கு நேரம் இருந்தால் நான் வேறு ஏதாவது நல்ல வழி கண்டுபிடித்திருப்பேனோ என்னவோ. நேரம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். இரண்டடி எடுத்து வைத்தேன். விழுந்தேன்.

சும்மா விழவில்லை. கையை விரித்து, காலை வீசி, மூன்று வரிசைக் கல்லையும் அள்ளிக்கொண்டு விழுந்தேன். கல் மழை மாதிரி மண்டபமெங்கும் சிதறியது. நாற்பது பிள்ளைகளும் "ஐயோ டீச்சர்!" என்று கத்திக்கொண்டு, என்னைத் தூக்குவதற்குப் பதிலாக அவரவர் கல்லைப் பொறுக்கப் பாய்ந்தார்கள். "அது என் அப்பா!" "விடுடா, அது எங்க பாப்பா!" என்று ஒரே அடிதடி. சின்னதொரையும் முழங்காலில் நின்று மேசைக்கு அடியில் யாரோ இருவரின் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தார். பவளத்தின் அக்கா ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். அவள் மட்டும் கல் பொறுக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சைகை காட்டிவிட்டு, லயத்துப் பக்கம் தலைதெறிக்க ஓடினாள். நான் தரையில் கிடந்தபடியே அதைப் பார்த்தேன். எழுந்திருக்க அவசரப்படவில்லை.

எல்லாம் அடங்கியபோது ஒரு வீட்டில் இருபத்திமூன்று பேர் இருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஒருவருமில்லை.

"பார்த்தீங்களா ஐயா," என்று கணக்கப்பிள்ளையிடம் முனகினேன், "இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் எண்ணவே சரியா வரல. அந்தப் பவளத்துக்கு ஏழுக்கு மேல எல்லாம் ஒம்போதுதான்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சின்னதொரை, வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகும் லொக் புத்தகத்தை எடுத்து, "எண் பாடத்தில் ஒழுங்கு போதாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. நேரே லயத்துக்குப் போனார். ஆனால் அக்கா முந்திவிட்டாள். வீட்டில் ஒரு தாத்தாவும் ஒரு ஆடும்தான் அவருக்குக் கிடைத்தார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். தப்பித்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பினேன். பவளம் கையில் வெறும் பையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "நான் சரியாத்தான் எண்ணுனேன்" என்று மட்டும் சொன்னாள். பின்வரிசையில் ஒரு வாண்டு, "ஏழுக்கு மேல ஒம்போது!" என்று ராகம் போட்டான்.

வியாழக்கிழமை பவளம் வரவில்லை.

அன்று மத்தியானம் கரும்பலகைக்கு வெண்கட்டி வாங்க ஆபீசுக்குப் போனேன். சின்னதொரை தன் அறைக்குள் கூப்பிட்டார்.

"டீச்சர், கால் சுகமா?"

"பரவாயில்லைங்க."

"நல்லது." அவர் வெண்கட்டிப் பெட்டியை மேசையில் வைத்து, மெதுவாகச் சொன்னார்: "உண்மையா விழப் போற ஆள், கண்ணாடிய கழட்டி வச்சிட்டு விழாது."

எனக்குக் காது சுட்டது. அவர் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. "வந்திருக்கிறது யார்?" என்று கேட்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். விழுவது சுலபம்; அதற்கு உடம்பு போதும். இவரை நம்பலாமா, கூடாதா என்று ஒரு நிமிஷத்தில் தீர்மானிப்பதுதான் கஷ்டம். காட்டிக் கொடுக்க நினைப்பவர் என்றால் நேற்றே கொடுத்திருக்கலாம். முழங்காலில் நின்று கல் தேடியிருக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

"சொன்னா என்ன செய்வீங்க?" என்றேன்.

"சொல்லாட்டி ஒண்ணும் செய்ய ஏலாது."

சொன்னேன். அன்று காலை அக்கா என் காதோடு சொன்னதுதான்: பவளத்தின் அத்தை, அவளுடைய நாலு வயதுப் பெண் பிள்ளை. மடுல்சீமைப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள். அவர் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். "கொழுந்து முத்திட்டிருக்கு. எடுக்க கை போதாது. அந்த அம்மாவ திங்கக்கிழமை காலைல வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுக்கு வரச் சொல்லுங்க, பேர் பதியறேன். ஆனா அதுக்கு முந்தி கணக்கப்பிள்ளை கண்டுபிடிச்சு பெரியதொரைக்கிட்ட சொன்னா, நான் என்ன செஞ்சும் பிரயோசனமில்ல. விளங்குதா?"

விளங்கியது. அன்று சாயங்காலமே மாரியாயியின் வீட்டுக்குப் போனேன். முதல் முறையாக ஒரு லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்தேன். ஒன்பது பேர் எப்படிப் படுக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என்னைக் கண்டதும் அத்தை பிள்ளையை இழுத்துக்கொண்டு மூலைக்கு நகர்ந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மாரியாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நேற்று அந்திவரைக்கும் மலையில் தேயிலைச் செடிக்கு அடியில் பிள்ளையோடு குனிந்தே இருந்ததை அத்தை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அழுதாள். தாத்தா எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். வீடே கலகலப்பாகிவிட்டது.

பவளம் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பவளம், உங்க அத்தைக்கு வேலை கிடைக்கப் போகுது" என்றேன்.

"நான் எத்தன எண்ணுனேன்?" என்றாள் சுவரைப் பார்த்தே.

அவளுக்குக் காம்பராவும் தெரியாது, பதிவும் தெரியாது. நாற்பது பேருக்கு முன்னால் சரியான விடை சொன்னாள். டீச்சர் அதைத் தப்பு என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அதுதான் நடந்தது. அத்தனை பேரையும் காப்பாற்றினேன் என்று நான் மார் தட்டிக்கொண்டிருந்தேனே, அந்தக் கணக்கில் ஒரு பிள்ளையை விட்டிருந்தேன்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "ஒம்போது எண்ணுன. ஒம்போதுதான் சரி. தப்புச் சொன்னது நான்."

அவள் திரும்பினாள். "அப்ப நாளைக்கு எல்லாருக்கும் சொல்லுவீங்களா?"

இதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? "நாளைக்கு முடியாது. திங்கக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் யாரு கேட்டாலும் எண்ணத் தெரியாதுன்னே இரு. உன்னால முடியுமா?"

அவள் யோசித்தாள். "திங்கக்கிழமைக்கு எத்தன நாளு?"

"நீயே எண்ணு."

விரலை மடக்கினாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். "நாலு," என்றாள். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நாலு சரியா?"

அந்த "சரியா?"வை என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் வந்தாள். "ஏழுக்கு மேல என்னடீ?" என்று வாண்டுகள் கேட்டார்கள். "ஒம்போது," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. அவர்கள் சிரித்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒரு குடும்பத்தின் ரகசியத்தை அப்படிச் சுமந்ததைப் பார்த்துக்கொண்டு நான் கரும்பலகையில் ஏதோ எழுதுவதுபோல் திரும்பி நின்றேன்.

சொல்ல வந்தது இதுதான். ஒரு நெருக்கடியில் நீங்கள் பொய் சொல்ல நேரலாம், விழ நேரலாம். யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்காக ஒரு பிள்ளையின் சரியான விடையைத் தப்பாக்கினால், அதைத் திருத்துகிற வரைக்கும் உங்கள் வேலை முடியவில்லை. எல்லோர் முன்னாலும் தப்பாக்கியதை எல்லோர் முன்னாலும்தான் திருத்த வேண்டும். காதோடு சொன்னால் போதாது. அதோடு, ஒரு வீட்டுக்குள் கேள்வியை அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள்.

திங்கட்கிழமை காலை பெரட்டில் அத்தையின் பெயர் பதிந்தார்கள். பக்கத்தில் பிள்ளையின் பெயரும். கணக்கப்பிள்ளையே எழுதினாராம், பேனா கிழிகிற அழுத்தத்தில். செய்தி வந்ததும் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தேன்.

"போன புதன்கிழமை இந்த மண்டபத்தில் ஒருத்தருக்கு எண்ணத் தெரியல," என்று ஆரம்பித்தேன். எல்லாத் தலையும் பவளத்தின் பக்கம் திரும்பியது. "அது நான்தான். பவளம் சொன்ன ஒம்போது சரி. நான்தான் தப்பு. பவளம், முன்னால வா. எல்லாருக்கும் திரும்ப எண்ணிக் காட்டு."

அவள் பையோடு வந்தாள். புதன்கிழமை போலவே நிமிர்ந்து நடந்து வந்தாள். மண்டியிட்டு ஒவ்வொன்றாக வைத்தாள். மண்டபமே சேர்ந்து எண்ணியது. ஏழு. எட்டு. ஒன்பது. நான் கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கினேன்.

அவள் பைக்குள் மறுபடியும் கைவிட்டு இன்னொரு கல்லை எடுத்து வைத்தாள்.

"பத்து!" என்று மண்டபம் கத்தியது.

"பவளம்," என்றேன் மெதுவாக, "இது யாரு?"

"மாமா டீச்சர்!" பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. "அத்தையோட வீட்டுக்காரரு. நேத்து அந்திக்குத்தான் வந்தாரு. நான் சரியா எண்ணிட்டேன், பாருங்க."

நான் வாசலைப் பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தமும் இல்லை.

"சரி," என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "பத்து. ரொம்பச் சரி. எல்லாரும் கைதட்டுங்க."

மாமாவின் பெயர் பதிய இரண்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம், பீலிக்கு எத்தனை அடி என்பது மட்டும்தான்.